சமையல் மேடைக்கு எந்தத் துணி? மைக்ரோஃபைபரும் ஸ்பாஞ்சும் பழைய வேட்டியும்

சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது துடைக்கும் துணிக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். பளபளக்கும் உறையில் மைக்ரோஃபைபர், பக்கத்தில் அட்டைபோல விறைப்பாக ஸ்பாஞ்ச் வைப், கீழே மஞ்சளும் பச்சையுமாகப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். சில உறைகளில் "99.9% கிருமிகளை நீக்கும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டிலோ கிழிந்த வேட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. காசு கொடுத்து வாங்குவதா, வேட்டியைக் கிழித்துக்கொள்வதா?

ஆய்வுகளைப் படித்தும், வீட்டில் துடைத்துப் பார்த்தும் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருக்கிறது. ஒரு துணி மேடையிலிருந்து எவ்வளவு கிருமியை எடுக்கிறது என்பது பாதிக் கேள்விதான். எடுத்ததை அது அடுத்த இடத்தில் வைக்கிறதா, ராத்திரி முழுக்க ஈரத்தில் வளர்க்கிறதா, நாம் துவைக்கிற விதத்தில் அது சுத்தமாகிறதா என்பதெல்லாம் மீதிக் கேள்வி. அந்த மீதியை எந்த உறையும் சொல்வதில்லை.

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்ப்போம். மேடையில் 10 லட்சம் பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 95% போனால் மிச்சம் 50,000. 99.9% போனால் மிச்சம் 1,000. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்கு ஈரமும் சூடும் உணவுத் துணுக்கும் சரியாக அமைந்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த 1,000 மறுபடி 10 லட்சமாக மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. காய்ந்த மேடையில் இப்படிப் பெருகாது. சிங்க் ஓரம் சுருட்டி வைத்த ஈரத்துணியில் பெருகும். சென்னையிலோ கடலூரிலோ ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் அந்தத் துணிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று, அந்த எண் எந்த நிலையில் எடுத்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது புதுத்துணி, வழவழப்பான பரப்பு, ஒரே ஒரு இடம். நம் வீட்டுத் துணியோ ஐம்பது தடவை துவைத்தது. துடைப்பது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கிரானைட். அதே துணி அடுப்பைத் துடைத்து, மேடையைத் துடைத்து, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் போய், கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு வரும்.

இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு சோதனை முறை ஐரோப்பாவில் இருக்கிறது. கிருமிநாசினி நனைத்த துடைப்பான்களுக்கான இ.என். 16615 என்ற தரம், 2015-இல் வந்தது. ஒரு பலகையில் வரிசையாக நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. முதல் சதுரத்தில் மட்டும் கிருமியைத் தடவி உலரவிடுவார்கள். துணியைச் சுமார் 2.3 கிலோ எடைக்கட்டியில் சுற்றி, முதல் சதுரத்திலிருந்து நான்காவது வரை இழுத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். பிறகு முதல் சதுரத்தில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணுவதோடு, மற்ற மூன்றிலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றும் எண்ணுவார்கள். முதல் சதுரத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டு மற்ற மூன்றிலும் பரப்பினால் அந்தத் துடைப்பான் தோற்றுவிடும். சமையலறைத் துணியையும் இந்த மாதிரித்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது நல்ல யோசனை இல்லை. எது வளரும் என்று தெரியாது, தூக்கிப் போடுவதிலும் ஆபத்து. ஆனால் அழுக்கு எப்படி இடம் மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க மஞ்சள் தூளே போதும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் புற ஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். எண்ணெயில் கரைத்தால் நன்றாகவே தெரியும். மருத்துவமனைகளில் கட்டில் கம்பி, கதவுப்பிடியெல்லாம் ஒழுங்காகத் துடைக்கப்படுகிறதா என்று பார்க்க, ஒளிரும் திரவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பொட்டு வைத்துவிட்டு மறுநாள் புற ஊதா விளக்கடித்துப் பார்ப்பார்கள். நம் வீட்டு மஞ்சள் சோதனை அதற்குத் தம்பி.

நான் செய்தது இப்படி. நான்கு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தேன். முதல் தட்டில் மட்டும் மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய் ஒரு சொட்டு, விரலால் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டேன். துணியை நனைத்துப் பிழிந்து, முதல் தட்டில் ஆரம்பித்து நான்காவது வரை ஒரே இழுப்பு. விளக்கை அணைத்து, ரூபாய் நோட்டு சரிபார்க்கிற டார்ச்சை அடித்தேன். வேட்டித் துணி துடைத்த முதல் தட்டில் நீளமான ஒளிக்கோடுகள் நின்றன. இரண்டாவது தட்டில் ஒரு மெல்லிய பூச்சு, மூன்றாவதிலும் கொஞ்சம். மைக்ரோஃபைபர் துடைத்த முதல் தட்டில் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது தட்டின் விளிம்பு ஒளிர்ந்தது. அதே மைக்ரோஃபைபரைத் திருப்பி மடித்துப் புது முகத்தால் துடைத்தபோது அடுத்த தட்டுகள் இருட்டாகவே இருந்தன. இது எண்ணெயும் சாயமும்தான், பாக்டீரியா இல்லை. ஆனாலும் ஒரே முகத்தால் மேடை முழுக்கத் துடைக்கிறபோது என்ன நடக்கிறது என்று அந்த இருட்டில் பார்த்துவிட்டால், பிறகு துணியை மடிக்காமல் துடைக்கக் கை வராது.

இனி ஒவ்வொன்றாக.

மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்த செயற்கை இழை. பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற கலவை. ஓர் இழையின் தடிமன் 10 மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடி சுமார் 70 மைக்ரான், ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் 2 மைக்ரான் அளவு. நல்ல மைக்ரோஃபைபரில் ஒவ்வொரு இழையையும் நீளவாக்கில் பல கீற்றாகப் பிளந்திருப்பார்கள். அந்தக் கூரான விளிம்புகள் அழுக்கைச் சுரண்டி எடுக்கும், இடுக்குகள் ஈரத்தோடு சேர்த்து அதைப் பிடித்து வைக்கும். மலிவான துணிகளில் இழை பிளக்கப்படாமலே வரும். கண்டுபிடிப்பது சுலபம். உள்ளங்கையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிளந்த இழை தோலின் சொரசொரப்பில் லேசாகக் கொக்கி போட்டு இழுபடும், பிளக்காதது வழுக்கிக்கொண்டு போகும். மேடையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்தாலும் தெரியும். நல்லது உறிஞ்சும், மற்றது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும்.

இதன் பலத்துக்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ருடாலா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு தரை துடைக்கும் மாப்புகளைப் பற்றியது. வெறும் சோப்புக் கரைசலோடு மைக்ரோஃபைபர் மாப் 95% நுண்ணுயிர்களை எடுத்தது, பருத்தி நூல் மாப் 68% எடுத்தது. கிருமிநாசினி சேர்த்தபோது இரண்டும் 95%. அதாவது மருந்து இல்லாமல் துடைப்பதில் மைக்ரோஃபைபர் முன்னால் நிற்கிறது. மருந்து சேர்த்தால் பருத்தியும் எட்டிப் பிடித்துவிடுகிறது. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் தரையிலும் மேசையிலும் ரசாயனம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இந்த ஒரு ஆய்வைச் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் விற்பவர்களின் வழக்கம். 2010-இல் வியன்னாவில் மருத்துவமனைத் துணிகளை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. மைக்ரோஃபைபர், பருத்தி, ஸ்பாஞ்ச் துணி, காகிதத் துண்டு என நான்கு வகை. புதிதாக இருந்தபோது மைக்ரோஃபைபர்தான் முதலிடம். 10, 20 முறை துவைத்துச் சுத்திகரித்த பிறகு மொத்தத்தில் மேலே வந்தது பருத்தி! துவைக்கத் துவைக்க அந்த மெல்லிய இழைகள் மழுங்குகின்றன. ஒரே ஆய்வை வைத்து மைக்ரோஃபைபரை ஒதுக்கிவிட முடியாது, எப்படித் துவைத்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் வீட்டில் ஒரு துணியை மாதக்கணக்கில் வைத்திருக்கிற நமக்கு, புதுத்துணியின் எண்ணைவிட இருபதாவது துவைப்புக்குப் பின் வருகிற எண்தான் வேண்டும்.

மைக்ரோஃபைபர் துவைப்பில் கெடுவதற்கு வழிகள் நிறைய. துணி மென்மையாகவும் வாசனையாகவும் இருக்க ஊற்றுகிற கண்டிஷனர் இழைமேல் ஒரு படலமாகப் படிந்து இடுக்குகளை அடைத்துவிடும். ப்ளீச் நைலானை அரிக்கும். பருத்தித் துணிகளோடு ஒன்றாகப் போட்டால் அதன் பஞ்சையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பல உறைகளில் 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம் என்று போட்டிருக்கும், ஆக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட முடியாது. தேங்காய் எண்ணெயும் நெய்யும் ஊறிய துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். பிசுக்கு உள்ளேயே நிற்கும். தவிர, ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் இழை சாக்கடைக்குப் போகிறது.

வெள்ளி கலந்த மைக்ரோஃபைபர் என்று விலை கூடுதலாக ஒன்று வருகிறது. வெள்ளி அயனிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்கு ஈரமும் மணிக்கணக்கில் நேரமும் வேண்டும். நாம் மேடையில் துணியை இழுக்கிற இரண்டு வினாடியில் அது மேடைக் கிருமியை ஒன்றும் செய்யாது. துணிக்குள் நாற்றம் வராமல் இருக்க உதவலாம். துவைக்காமல் வைத்துக்கொள்ள அது அனுமதிச் சீட்டு இல்லை. அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு சாதாரணத் துணி வாங்கிக்கொள்வது மேல்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சால் மேடையைத் துடைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இந்தப் போட்டியில் எனக்குத் தயக்கமே இல்லாமல் வெளியேற்றத் தோன்றுவது இதைத்தான். 2017-இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்குஸ் எகெர்ட் உள்ளிட்டோர் வீடுகளில் பயன்பட்ட 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி வரை பாக்டீரியா இருந்தது. பெரும்பாலானவை ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாதவை. ஆனால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குத் தொல்லை தரக்கூடிய இனங்களின் உறவுகளும் அதில் இருந்தன. அடிக்கடி சுத்தம் செய்யப்பட்டதாகச் சொன்ன ஸ்பாஞ்சுகளும் மேலாக இல்லை. வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை. அமெரிக்க வேளாண் துறை 2007-இல் பார்த்தபோது, ஈர ஸ்பாஞ்சை ஒரு நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் கிட்டத்தட்ட எல்லா பாக்டீரியாவும் செத்தன. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது போன்ற வழிகளில் 37 முதல் 87% வரைதான். உலர்ந்த ஸ்பாஞ்சை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பிடிக்கும், கம்பி கலந்ததை வைக்கவே கூடாது. எப்படியானாலும் அந்தத் தடித்த நுரையின் நடுப்பகுதி நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரியில் காயாது.

ஸ்பாஞ்ச் வைப் என்று விற்கிற மெல்லிய செல்லுலோஸ் துணி வேறு சாதி. மரக்கூழும் பருத்தியும் கலந்தது. 1949-இல் சுவீடனில் கர்ட் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய வெட்டெக்ஸ் துணியின் வழி வந்தது. சிந்திய சாம்பாரை ஒரே அமுக்கில் உறிஞ்சிவிடும். மெல்லியது என்பதால் பிழிந்து விரித்தால் விறைத்துக் காய்ந்துவிடும், அது பெரிய நல்ல குணம். வெந்நீரும் தாங்கும், மண்ணில் மக்கும். குறை என்னவென்றால் சொரசொரப்பான கிரானைட்டில் தேய்த்தால் சீக்கிரம் கிழிகிறது. காய்ந்துபோன பிசுக்கைச் சுரண்டவும் அதற்குப் பலம் போதாது.

கடைசியாக வேட்டி. பருத்தி இழை 12 முதல் 20 மைக்ரான் வரை தடிமன், ஆகவே நுணுக்கமான பள்ளங்களில் மைக்ரோஃபைபர் அளவுக்கு இறங்காது. முதல் இழுப்பில் அது பின்தங்குவதை மஞ்சள் சோதனையிலேயே பார்த்தோம். ஆனால் அதற்குப் பிறகு வருகிற எல்லாவற்றிலும் அது ஜெயிக்கிறது. மெல்லிய நெசவு, பிழிந்து உதறிக் கொடியில் போட்டால் வெயிலில் அரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். கல்லில் அடிக்கலாம், சோப்புப் போட்டுக் கசக்கலாம், கொதிக்கும் தண்ணீரில் போடலாம், ப்ளீச்சில் நனைக்கலாம். பழைய சலவைக்காரர்கள் வெள்ளாவி வைத்தது பருத்தியைத்தான். சலவைத்தூள் தயாரிக்கும் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் சுத்தம் என்பதை நான்கு காரணிகளாகப் பிரித்தார்: ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுகட்டலாம். பருத்தியில் நான்கையும் வேண்டிய மட்டும் கூட்டலாம், மைக்ரோஃபைபரில் சூட்டுக்கும் ரசாயனத்துக்கும் வரம்பு இருக்கிறது.

பனியன் துணியும் நன்றாக உறிஞ்சும், ஒர்க்‌ஷாப்புகளில் திருப்பூர் பனியன் வேஸ்ட் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் காய நேரமெடுக்கும். தடித்த டர்க்கி டவல் இன்னும் மோசம், சமையலறைக்கு வேண்டாம்.

பருத்திக்கு ஒரு பலவீனத்தைச் சொல்லியாக வேண்டும். பென்சல்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினிகளைப் பக்கெட்டில் கலக்கிப் பருத்தித் துணியை முக்கினால், அந்த மருந்தைப் பருத்தி தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். மேடைக்குப் போய்ச் சேர்வது குறைந்துவிடும். மருந்தை நேராக மேடையில் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கிற நிமிடங்கள் ஈரமாகவே விட்டுப் பிறகு துடைப்பதுதான் வழி.

துணி எதுவானாலும் ஈரமாகவே கிடந்தால் எல்லாம் வீண். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு மாதம் பயன்பட்ட 100 சமையலறைத் துணிகளைச் சோதித்ததில் 49-இல் பாக்டீரியா வளர்ந்தது. 2018-இல் அதை வெளியிட்டார்கள். பாத்திரம் துடைக்க, கை துடைக்க, மேடை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே துணியாக இருந்தவற்றிலும், ஈரமாகக் கிடந்தவற்றிலும், அசைவம் சமைக்கும் வீடுகளிலும் ஈ.கோலை அதிகம். நம் ஊரைப் போலவே சூடும் ஈரமும் உள்ள தீவு அது, அதனால் இந்த முடிவை நான் ஐரோப்பிய ஆய்வுகளைவிடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா "குழாய் மேல போடாத, கொடியில போடு" என்று தினம் சொல்வாள். அந்த ஒரு வரிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆக, எதை வாங்குவது? வெந்நீர் வசதியுள்ள வாஷிங் மெஷின் இருக்கிறது, துடைக்கும் துணிகளைத் தனியாக ஒரு சுற்றுப் போடுகிற பழக்கமும் இருக்கிறது என்றால் மைக்ரோஃபைபர் தாராளமாக வாங்கலாம். கண்ணாடி, எவர்சில்வர், இண்டக்‌ஷன் அடுப்பு, குழந்தை சாப்பிடுகிற மேசை ஆகியவற்றுக்கு அதைப்போல வேறில்லை. நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும், ஓர் இடத்துக்கு ஒரு முகம் என்று திருப்பிக்கொண்டே போகலாம். வாளியில் கைத்துவைப்பு, மொட்டை மாடியில் கொடி என்கிற வீட்டுக்கு வேட்டித் துணிதான். ஆனால் ஒன்றிரண்டு போதாது. கைக்குட்டை அளவில் பத்துப் பன்னிரண்டு கிழித்து ஓரம் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்து, முடிந்ததும் கொடியில் காயவைத்து அழுக்குக் கூடையில் போட்டுவிடலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோப்பில் கசக்கிப் பிசுக்கை எடுத்துவிட்டு, பழைய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். சோற்றுப் பண்டங்களில் வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்தக் கொதிப்புக்கும் தப்பிக்கும். வெயிலில் சட்டென்று காயவைத்துவிட்டால் அவை முளைத்துப் பெருக ஈரம் கிடைக்காது.

கொதிக்கவைக்க நேரமில்லாதவர்கள் ப்ளீச் பயன்படுத்தலாம். 5% திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 டீஸ்பூன், பத்து நிமிடம் ஊறல், பிறகு நல்ல அலசல். பிசுக்கோடு ஊறவைத்தால் ப்ளீச்சின் பலம் பிசுக்கிலேயே போய்விடும், அதனால் சோப்புத் துவைப்பு முதலில். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டோடு ப்ளீச் ஒருபோதும் சேரக்கூடாது, விஷவாயு வரும்.

கோழி, மீன் கழுவிய நாளுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடிய சிங்க்கைத் துடைத்த துணி கூடைக்குக்கூடப் போகக்கூடாது. காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் வேட்டித் துணியில் துடைத்து நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பிறகு சிங்க்கில் சோப்பும் கிருமிநாசினியும். வீட்டில் கர்ப்பிணியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ, வயதானவரோ இருந்தால் இதில் சலுகையே கொடுக்காதீர்கள்.

துணிகள் கலக்காமல் இருக்க பிரிட்டன் மருத்துவமனைகளில் 2007 முதல் நிற ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். குளியலறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பொது இடங்களுக்கு நீலம், தனி நோயாளி அறைக்கு மஞ்சள். வீட்டில் அதைத் துணியை வைத்தே செய்துவிடலாம்: மேடைக்கு வெள்ளை வேட்டி, சாப்பாட்டு மேசைக்குக் கட்டம் போட்ட லுங்கி, குளியலறைக்குப் பனியன். வேலைக்கு வருகிற அக்காவுக்கும் பாட்டிக்கும் ஒருமுறை சொன்னால் போதும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நெசவு விலகி ஓட்டையாகத் தெரிகிற வேட்டித் துணியையும், உள்ளங்கையில் இழுத்தால் கொக்கி போடாமல் வழுக்குகிற மைக்ரோஃபைபரையும் சமையலறையிலிருந்து எடுத்து ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிடுங்கள்.